டிசம்பரில் கேம்பர் வேன்: நியூசிலாந்து மலையாறுகளுக்கு முதல்முறை கிளம்புவோர் கவனத்திற்கு

நமக்கு டிசம்பர் என்றால் அடைமழை. நியூசிலாந்தில் அதே டிசம்பர் நல்ல கோடை. பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல அப்போதுதான் தென் தீவுக்குக் கிளம்புகின்றன. கார், ஹோட்டல் என்று போவோர் ஒரு பக்கம் இருக்கட்டும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கேம்பர் வேனில் சுற்ற ஆசைப்படுவோருக்கு இந்தக் கட்டுரை. அதிலும் முதல்முறை போவோருக்கு.

முதலிலேயே ஒன்று. நம்மவர்கள் பயணத்திட்டத்தை எம்ஆர்டி அட்டவணை மாதிரி போட்டுவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு ஏரி, ஒன்பதுக்குப் பனிமலை, பன்னிரண்டுக்கு அடுத்த ஊர். மலையாற்று நாட்டில் இது எடுபடாது. அங்கே நாளைத் தீர்மானிப்பது மழை. ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தால் காலையில் சாலை மூடியிருக்கும். சுற்றுவழி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கும். ஆகவே திட்டம் போடும்போதே பத்து ராத்திரிக்கு இரண்டு ராத்திரியை எந்த ஊரும் எழுதாமல் காலியாக விடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எப்போது, எந்த வழி

நம் பள்ளிகள் நவம்பர் பிற்பகுதியிலேயே விடுமுறை விட்டுவிடும். நியூசிலாந்துப் பள்ளிகள் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் மூடும். அதன்பிறகு ஜனவரி நடுப்பகுதிவரை உள்ளூர்க்காரர்களே கூடாரமும் படகுமாகக் கிளம்பிவிடுவதால் முகாம்களில் இடம் கிடைப்பது கஷ்டம், வண்டி வாடகையும் உச்சத்தில் இருக்கும். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை நமக்குத் தோதான காலம். டெகாப்போ ஏரிக்கரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூப்பின் பூக்கள் நிற்பதும் அப்போதுதான். படம் எடுக்க அழகு. ஆனால் அது வெளியிலிருந்து வந்த களை, ஆற்றுப்படுகைகளை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது. பூவைப் பறித்து அடுத்த ஊரில் போட்டுவிட்டு வராதீர்கள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் வழி இது: கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ, ஔராக்கி மவுண்ட் குக், லிண்டிஸ் கணவாய், வானாகா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரையில் ஃபாக்ஸ், ஃபிரான்ஸ் ஜோசஃப், ஹோக்கிடிக்கா, பிறகு ஆர்தர்ஸ் கணவாய் ஏறி மறுபடி கிறைஸ்ட்சர்ச். சுமார் 1,200 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய பத்து மணி நேரம்.

இந்த வட்டம் முழுக்க ஆறுதான். முதல் நாளே ரகாயா ஆற்றுப் பாலத்தைக் கடப்பீர்கள். 1.7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நாட்டின் மிக நீளமான சாலைப்பாலம். கீழே பார்த்தால் பெரும்பகுதி கூழாங்கல்லாகவும் நடுநடுவே நீலக்கோடுகளாகவும் இருக்கும். மலை தள்ளிவிடும் கல்லையும் மணலையும் சுமக்க முடியாமல் ஆறு பல கிளையாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடுகிறது. பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலப்பதால்தான் டெகாப்போவுக்கும் புக்காக்கி ஏரிக்கும் அந்தப் பால்கலந்த நீலம். புக்காக்கிக் கரையிலிருந்து வானம் தெளிவாக இருந்தால் 3,724 மீட்டர் உயர ஔராக்கி நேர் எதிரே தெரியும். வானாகா ஏரியிலிருந்து வெளியேறும் கிளத்தா, 338 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது.

கிழக்கில் தொடங்கி மேற்கில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று மலையில் மோதி மேற்குச் சரிவில்தான் மழையைக் கொட்டுகிறது. அதே கரையில் இன்னும் தெற்கே உள்ள மில்ஃபர்ட் சவுண்டில் ஆண்டு மழை 6,000 மில்லிமீட்டருக்கும் மேல். நம் சிங்கப்பூரில் ஏறக்குறைய 2,100. வறண்ட கிழக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே வானிலை அறிக்கையைப் பார்த்து, ஹாஸ்டைக் கடக்க நல்ல நாளைத் தேர்ந்தெடுக்கலாம். மேற்கில் ஒரே நெடுஞ்சாலைதான், மாற்றுவழி கிடையாது. வானிலைக்கு மெட்சர்வீஸ், சாலை நிலவரத்துக்கு அந்நாட்டுப் போக்குவரத்து அமைப்பின் ஜர்னி பிளானர் இணையத்தளம். இரண்டையும் ராத்திரி படுக்குமுன் ஒருமுறை, காலையில் சாவியைத் திருப்புமுன் ஒருமுறை பாருங்கள்.

தாளும் உரிமமும்

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். ஆனால் மின்னியல் பயண அனுமதி கட்டாயம், அதோடு 100 நியூசிலாந்து டாலர் பயணியர் தீர்வையும் கட்டவேண்டும். அனுமதி வர 72 மணி நேரம்வரை ஆகலாம். குடும்பத்தில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால் அவருக்கு முறையான விசா தேவை. அதை மாதக்கணக்கில் முன்னதாகவே பாருங்கள். நால்வருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஒருவர் விசாவுக்காகக் காத்துக்கிடப்பது நமக்குப் புதிதல்ல.

நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அப்படியே செல்லும். கைப்பேசியில் இருந்தாலும் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஆட்டோ கியருக்கு மட்டுமான 3ஏ உரிமம் வைத்திருப்போர் ஆட்டோ கியர் வேனை மட்டுமே பதிவுசெய்யவேண்டும்.

உரிமம் இருக்கிறது, ஆனால் வண்டி ஓட்டி வருடக்கணக்காகிவிட்டது என்பவர்கள் நம்மிடையே நிறைய. கார் வாங்கத் தேவையான சிஓஇ சான்றிதழின் விலை அப்படி. அப்படிப்பட்டவர்கள் போவதற்குச் சில மாதம் முன்பே வாடகைக் கார் எடுத்துக் கையைப் பழக்குங்கள். மலேசியாவுக்குள் ஓட்ட அனுமதிக்கும் காராக எடுத்து, தாப்பா பக்கமிருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்கிப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கப் பழகிவிட்டால் ஆர்தர்ஸ் கணவாயில் கால் நடுங்காது.

வேனைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு பேருக்கு இருவர் படுக்கும் வேன், நால்வருக்கு நால்வர் படுப்பது. பெரிய ஆறு படுக்கை வண்டி ஏழு மீட்டர் நீளம் வரும். தாத்தா, பாட்டி எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றும் ஆசையில் அதை எடுக்காதீர்கள். இரண்டு சிறிய வேன் நிம்மதி. ஓட்டும்போது எல்லோரும் பெல்ட் போட்ட இருக்கையில்தான் உட்காரவேண்டும், பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வர முடியாது. ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். எல்லா வேனிலும் அதைப் பொருத்த வசதி இராது. பதிவுசெய்யுமுன் பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

கழிப்பறை இல்லாத வேன் மலிவு. ஆனால் 2023இல் வந்த சட்டப்படி, நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறையும், கழிவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்பதற்கான பச்சை நிறச் சான்றும் உள்ள வண்டிகளே பெரும்பாலான இலவச இடங்களில் தங்கலாம். மீறினால் சில நூறு டாலர் அபராதம். வேனின் கண்ணாடியில் பச்சைச் சான்று ஒட்டியிருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள்.

காப்புறுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரணக் காப்புறுதியில் சேதம் ஏற்பட்டால் நம் கையிலிருந்து போகும் பங்கு சில ஆயிரம் டாலர். அதைப் பூஜ்யமாக்கும் திட்டத்திலும் விலக்கு இருக்கும்: கூரை இடிபடுவது, அடிப்பாகம் உரசுவது, தண்ணீருக்குள் ஓட்டுவது, தப்பான எரிபொருள் போடுவது. போகக்கூடாத சாலைகளின் பட்டியலும் ஒப்பந்தத்தில் இருக்கும். குவீன்ஸ்டவுன் அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை அதில் வழக்கமாக இடம்பெறுவது. டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி தனி. வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

தேக்கா சந்தையில் என்ன வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. நியூசிலாந்து எல்லையில் சாப்பாட்டுச் சோதனை கடுமை. தேன், பழம், பச்சைக் கறிவேப்பிலை, வீட்டில் செய்த கறி ஊறுகாய் எதுவும் வேண்டாம். முளைக்கக்கூடிய விதைகளும் வேண்டாம். கடையில் மூடி முத்திரையிட்ட சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, மீகோரிங் பாக்கெட் போன்றவற்றை எல்லாம் ஒரே பையில் போட்டு, படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறித்து, அதிகாரியிடம் பையைத் திறந்து காட்டுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருளைப் பிடுங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மலையேறும் காலணி, கூடாரம் இருந்தாலும் சொல்லவேண்டும். அடியில் மண் ஒட்டியிருக்கக்கூடாது, வீட்டிலேயே பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அரிசி, பருப்பு, வெங்காயம், தயிர் எல்லாம் கிறைஸ்ட்சர்ச்சில் கிடைக்கும், இந்திய மளிகைக் கடைகளும் உண்டு. மேற்குக் கரைக்குப் போய்விட்டால் சின்னக் கடைகள்தான், விலையும் கூடும்.

மின்சார ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க: விளக்கு, தண்ணீர் பம்ப், குளிர்ப்பெட்டி மூன்றுக்கும்தான் வேனின் பேட்டரி போதும். குக்கர், கெட்டில் ஓடவேண்டுமென்றால் முகாமில் மின்கம்பத்தில் வயரைச் செருகவேண்டும். கேஸ் அடுப்பில் வைக்க இரண்டு லிட்டர் பிரஷர் குக்கர் எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம். விசில் சத்தம் பக்கத்து வண்டிக்காரரை எழுப்பும், அதனால் காலை ஏழுக்கு முன் வேண்டாம். தாளிப்பதை முகாமின் பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். வேனுக்குள் கடுகு வெடித்தால் புகை அலாரம் அலறும், மெத்தையில் வாசனை கடைசி நாள்வரை போகாது.

வண்டி எடுக்கும் நாள்

இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கியவுடன் மூன்று மணி நேரம் டெகாப்போவுக்கு ஓட்டாதீர்கள். அங்கே நேரம் நம்மைவிட ஐந்து மணி முன்னால். முதல் ராத்திரி கிறைஸ்ட்சர்ச்சிலேயே ஹாலிடே பார்க் எனப்படும் ஏதாவது கட்டண முகாமில் தங்கி, சாமான் வாங்கி, கட்டிலை விரித்துப் பழகுங்கள்.

ஊழியர் வண்டியைச் சுற்றிக்காட்டும்போது கைப்பேசியில் முழுவதையும் படம் பிடியுங்கள். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவோம், ராத்திரி ஒன்றும் நினைவிருக்காது. கேஸை எங்கே மூடுவது, ஹீட்டரை எப்படிப் போடுவது, கழிவுநீர்க் குழாயின் வாய் எங்கே என்று மூன்றையும் நீங்களே ஒருமுறை செய்து பார்க்கக் கேளுங்கள். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கடைத்தொகுதிக் கார்நிறுத்தத்தின் கூரையை அந்தத் தாள்தான் ஞாபகப்படுத்தும்.

அப்புறம், டீசல். நாமே போட்டுக்கொள்ளவேண்டும், பம்பில் ஆள் இருக்கமாட்டார். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். ஆளே இல்லாத நிலையங்களில் ரகசிய எண் கேட்கும், அதனால் வங்கி அட்டையின் அந்த எண் தெரிந்திருக்கவேண்டும். வானாகாவில் டேங்கை நிரப்பாமல் ஹாஸ்ட் பக்கம் திரும்பாதீர்கள்.

சாலையில்

இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், ஆகவே நமக்குக் குழப்பமில்லை. ஊருக்குள் 50, வெளியே 100 கிலோமீட்டர். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 90தான். 100 என்று போட்டிருப்பது அவ்வளவு வேகமாகப் போகச் சொல்லி அல்ல. வளைவுகளில் வேன் 60ஐத் தாண்டினாலே சமையலறைத் தட்டெல்லாம் கீழே வரும். வரைபடம் இரண்டு மணி நேரம் என்றால் மூன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மூன்று கார் சேர்ந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள், உள்ளூர்க்காரர்கள் அதை எதிர்பார்ப்பார்கள்.

நம் ஊரில் இல்லாத ஒன்று ஒருவழிப் பாலம். மேற்குக் கரையில் இவை வரிசையாக வரும். பாலத்துக்கு முன் பலகையில் இரண்டு அம்புக்குறி இருக்கும், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பாக இருந்தால் நீங்கள் நின்று எதிரே வருபவருக்கு வழிவிடவேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையாக இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. முன்னுரிமை இருந்தாலும் மெதுவாகப் போய்ப் பாலம் காலியா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். நடுவில் இரண்டு வேன் முட்டிக்கொண்டால் ஒருவர் பின்னோக்கி ஓட்டியாகவேண்டும்.

ஹாஸ்ட் பக்கம் நெடுந்தூரத்துக்குக் கைப்பேசி சிக்னல் இராது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 111. ஆர்தர்ஸ் கணவாயில் நிறுத்தினால் கீயா என்ற பச்சை மலைக்கிளி வந்து கதவு ரப்பரைப் பிய்க்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், வாடகைக் கம்பெனி சிரிக்காது. தீனி போடாதீர்கள்.

ராத்திரி தங்கல்

ஹாலிடே பார்க்கில் மின்சாரம், வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள் மலிவு, வசதி குறைவு, ஆனால் இடம் அள்ளும். ஔராக்கி அடிவாரத்து ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம் அப்படி ஒன்று. மூன்றாவது இலவச இடங்கள். இரண்டு ராத்திரி துறை முகாம், மூன்றாவது ராத்திரி ஹாலிடே பார்க் என்று மாற்றிக்கொண்டால் பேட்டரி, தண்ணீர், துணி மூன்றும் சரியாக வரும். கோடையானாலும் டெகாப்போ பக்கம் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும், ஸ்வெட்டர் அவசியம். இருட்டவே ஒன்பதரைக்கு மேல் ஆகும். இருட்டினபின் தூங்கிவிடாதீர்கள். அந்த வட்டாரம் 2012 முதல், செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருள்வானக் காப்பகம், நம் அடுக்குமாடிகளிலிருந்து பார்க்கவே முடியாத அளவுக்கு நட்சத்திரம். மேற்குக் கரையில் சாண்ட்ஃபிளை என்ற பொடி ஈ கடிக்கும், கொசுவைவிட மோசம். பூச்சித் தைலத்தை முகாமில் இறங்குமுன்னே தடவிக்கொள்ளுங்கள்.

இனி எல்லோரும் பயப்படும் கழிப்பறைப் பெட்டி. பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே, இரண்டு நாளைக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். முதலில் உள்ளே கழிப்பறையின் தகட்டை இழுத்து மூடவேண்டும், மூடாவிட்டால் பெட்டி வெளியே வராது. வண்டிக்கு வெளியே உள்ள சின்னக் கதவைத் திறந்து பெட்டியை இழுத்தால் சக்கரத்தோடு வரும், பயணப்பெட்டி மாதிரி உருட்டிக்கொண்டு கழிவு கொட்டும் நிலையத்துக்குப் போகலாம். குழாய்வாயைத் திருப்பி மூடியைக் கழற்றிச் சாய்க்கும்போது கட்டைவிரலால் காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்திருங்கள். அழுத்தாமல் சாய்த்தால் களக் களக் என்று தெறிக்கும், உடையில் படும். இரண்டுமுறை தண்ணீர் விட்டு அலசி, மருந்துத் திரவமும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி மறுபடி தள்ளிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. யார் செய்வது என்பதை மட்டும் சிங்கப்பூரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஆற்றில் இறங்குமுன்

நம் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கெட்டி. இந்த ஆறு வேறு. பனி உருகிய தண்ணீர், கால் வைத்ததும் மூச்சு இழுத்துக்கொள்ளும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் பெய்த மழை சில மணி நேரத்தில் ஆற்றை உயர்த்திவிடும். தண்ணீர் கலங்கியிருந்தால், மரக்கிளை மிதந்து வந்தால், அடியில் பாறை உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே வேண்டாம். அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில் எச்சரிக்கைப் பலகை இருக்கும், மின்சாரத்துக்காகத் திடீரென்று தண்ணீர் திறப்பார்கள். கூழாங்கல் படுகையில் வேனை இறக்கித் தங்குவது கூடவே கூடாது. குளிக்க ஆசையென்றால் வானாகா ஊர்க்கரையில் ஏரியில் இறங்குங்கள்.

படுகையில் கண்டபடி நடக்கவும் வேண்டாம். இளவேனிலும் கோடையும் பறவைகள் கல்லுக்கு நடுவே முட்டையிடும் காலம், முட்டையும் கல் நிறத்திலேயே இருக்கும். அலகு வலப்பக்கம் வளைந்த ரைபில் என்ற சின்னப் பறவை இந்த ஆறுகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. தலைக்குமேல் பறவை கத்திக்கொண்டே சுற்றினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், வந்த வழியே திரும்புங்கள்.

ஒரு ஆற்றில் நனைந்த செருப்பு, துண்டு, விளையாட்டுச் சாமானை அப்படியே அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோகக்கூடாது. டிடிமோ என்ற பாசி 2004இல் தென் தீவில் கண்டுபிடிக்கப்பட்டு, இப்படி ஒட்டிக்கொண்டே பரவுகிறது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். சாமான் தடிமனாகத் தண்ணீரை உறிஞ்சும் ரகம் என்றால் முழுக்க நனையும்வரை ஊறட்டும்.

ஆற்றை அனுபவிக்கவேண்டும், ஆனால் நனையப் பயம் என்றால் ஜெட் படகு இருக்கிறது. காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் வேறெங்கும் போவதைவிட இங்கே போவதில் நியாயம் இருக்கிறது. டெகாப்போவுக்கும் புக்காக்கிக்கும் நடுவில் ஐரிஷ்மன் கிரீக் பண்ணையில் இருந்த பில் ஹாமில்டன், 1950களில் இந்த ஆழமில்லா ஆறுகளுக்காகத்தான் அந்தப் படகை உருவாக்கினார். அந்தப் பண்ணையைத் தாண்டித்தான் உங்கள் சாலையும் போகிறது.

வண்டியைத் திருப்பும்போது

கடைசி ராத்திரி கிறைஸ்ட்சர்ச்சுக்கு அருகிலேயே தங்குங்கள். ஆர்தர்ஸ் கணவாயிலிருந்து நேரே விமான நிலையம் என்று போட்டால் சாலை மூடும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். கழிப்பறையையும் கழிவுநீரையும் காலி செய்து, டீசல் நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய அரிசி, எண்ணெயை ஹாலிடே பார்க் சமையலறையில் அடுத்தவர் எடுத்துக்கொள்ளும் அலமாரியில் வைத்துவிடலாம். அலுவலகங்கள் பல மாலை சீக்கிரமே மூடிவிடும், மதியத்துக்குள் போய்விடுங்கள். நான்கு பக்கமும் கூரையும் தெரியும்படி படம் எடுத்து, முன்வைப்புத் தொகை வங்கிக் கணக்கில் திரும்பி வரும்வரை அந்தப் படங்களை அழிக்காதீர்கள். பணமாற்று விகிதத்தால் போன தொகைக்கும் வந்த தொகைக்கும் சில வெள்ளி வித்தியாசம் இருக்கும், அதற்காக யாருக்கும் மின்னஞ்சல் எழுதவேண்டியதில்லை.